பாதி வேலையை அப்படியே விட்டு எழுந்து போக ஓர் இடம்

(மகளிர் தினக் கூட்டத்தில் நம் சமுதாயக் கூடத்தில் பேசியது. செய்திமடலுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். பேசிய வரிசையிலேயே கொடுத்திருக்கிறேன்.)

ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்காகச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

போன மாதம் இதே ஹாலில் பழைய புடவைகளில் தைத்த போர்வைகளை விரித்துக் காட்டியதிலிருந்து, லிஃப்டில் பார்க்கிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். ஒன்று, "இந்த வயசுல கண் தெரியுதா மேடம்?" கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகத் தெரிகிறது. இன்னொன்று, "இவ்வளவு துணியையும் அந்த ரெண்டு பெட்ரூம் வீட்டுல எங்க வச்சிருக்கீங்க?" செயலாளரும் அதையே கொஞ்சம் மரியாதையாக, "வீட்டில் தையல் அறை அமைப்பது எப்படி என்று பேசுங்கள்" என்றார்.

நான் தையல் டிப்ளமா வாங்கியவள் இல்லை. பி.காம். படித்தேன், 34 வருஷம் வங்கியில் கிளார்க். இடமாற்றத்துக்குப் பயந்து பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த தலைமுறை. ஆகையால் நான் எதைப் பேசினாலும் அதில் லெட்ஜர் வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல் அறை என்றதும் நம் எல்லோருக்கும் போனில் பார்த்த படம்தான் ஞாபகம் வருகிறது. சுவர் முழுக்க வெள்ளை ரேக், வானவில் மாதிரி நூல்கண்டுகள், ஒரு பூந்தொட்டி. பார்க்க அழகுதான். ஆனால் அது கடை. நூல்கண்டைச் சுவரில் மாட்டி வைத்தால் நம் ஊரில் ஆறு மாதத்தில் பாதி தூசி பிடிக்கும், பாதி வெயிலில் வெளுக்கும். நான் அறை என்று சொல்வது வேறு. பாதி தைத்த வேலையை, ஊசி துணியில் குத்தியபடியே விட்டுவிட்டு, சமைக்க எழுந்து போகக்கூடிய இடம். திரும்பி வரும்போது அது அப்படியே இருக்க வேண்டும். அது இருந்தால் தையல் அறை. ரேக் எல்லாம் பிறகு.

சாப்பாட்டு மேஜையில் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாதம் நேரத்தைக் குறித்து வைத்தேன். மெஷினைத் தூக்கி வந்து வைத்து, துணியைப் பரப்பி, நூல் கோர்த்து, நேற்று விட்ட இடம் எது என்று கண்டுபிடிக்க 25 நிமிடம். சாப்பாட்டு நேரம் வந்ததும், குண்டூசி ஒன்றுகூட மிஞ்சாமல் பொறுக்கி, துடைத்து, எல்லாவற்றையும் உள்ளே வைக்க 20 நிமிடம். நடுவில் தைத்தது சராசரி 40 நிமிடம். ஆக 85 நிமிடத்தில் 45 நிமிடம் எடுக்கவும் வைக்கவும் போய்விட்டது. நூறு ரூபாய் எடுக்க 53 ரூபாய் கமிஷன். எந்த வங்கியாவது இப்படி வாங்கினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

சட்டைக்குப் பொத்தான் வைக்க, புடவைக்கு ஃபால்ஸ் தைக்க இது பரவாயில்லை. போர்வைக்கு ஆகாது. ஒற்றைக் கட்டில் போர்வை 60-க்கு 90 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து அங்குலச் சதுரமாக எடுத்தால் குறுக்கே 6, நெடுக்கே 9, மொத்தம் 54 துண்டு. தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் பத்தரை அங்குலமாக வெட்டுகிறோம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அடுக்கிப் பார்க்க ஒரு நாள், மனசு மாறி மாற்றி அடுக்க இன்னொரு நாள். "தட்டு வைக்கணும், எடுத்துடு" என்று ஒருவர் நின்றால் அந்த 54 துண்டும் மறுபடி சீட்டுக்கட்டுதான். நம் வீட்டுப் பெண்களுக்குக் கைவேலை தெரியாமல் இல்லை. பரணில் பாதியில் நிற்கும் எம்ப்ராய்டரி ஃபிரேம் இல்லாத வீடு இந்த மூன்று பிளாக்கில் எத்தனை இருக்கும்? சோம்பேறித்தனம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விட்டு வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

இடத்துக்கு எங்கே போவது? எங்கள் இரண்டாவது படுக்கையறை 10-க்கு 11 அடி. பையன் பெங்களூருவில் இருக்கிறான். தீபாவளி, பொங்கல், நடுவில் ஒரு தடவை, எல்லாம் சேர்த்து வருஷத்தில் 15 நாள் வருவான். மீதி 350 நாள் அந்த அறையில் கட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. வங்கியில் இரண்டு வருஷம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வரவு செலவு எதுவும் இல்லை என்றால் அது செயல்படாத கணக்கு. அந்த அறையை நான் அப்படித்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "யாராவது வந்தா எங்க படுப்பாங்க?" என்றார். அந்த யாராவது யார் யார் என்று ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொன்னேன். நான்கு பெயருக்கு மேல் போகவில்லை. அதில் இரண்டு பேர் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறவர்கள்.

இதைச் சிரிக்கச் சொல்கிறேனே தவிர, அப்போது வீட்டில் ஒரு வாரம் யாரும் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் டிவிக்கு இடம் உண்டு, சாமிக்கு இடம் உண்டு, பழைய பேப்பருக்கு இடம் உண்டு. வாசலில் செருப்புக்குக்கூட பில்டர் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். வராத விருந்தாளிக்கு ஓர் அறை. கடன் தவணையில் பாதியைக் கட்டியவளுக்குச் சாப்பாட்டு மேஜையில், அதுவும் சாப்பாட்டு நேரம் தவிர்த்து. நான் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, நேரம் குறித்த அந்த நோட்டைத்தான் காட்டினேன். அவரும் வங்கிக்காரர்தான். எண்ணுக்கு மரியாதை கொடுப்பவர். இரட்டைக் கட்டில் போய், சுவரோரமாக ஒரு திவான் வந்தது. பையன் வந்தால் அதில் படுக்கிறான். ஒரு குறையும் சொன்னதில்லை. மெஷினுக்கு மூடி போட்டுவிட்டுத் தூங்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அறைக்குள் போவோம். தையலில் மூன்று வேலை உண்டு: வெட்டுவது, தைப்பது, இஸ்திரி போடுவது. வெட்டுவது நின்றுகொண்டு, தைப்பது உட்கார்ந்து, இஸ்திரி மறுபடி நின்றுகொண்டு. சமையலறையில் அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் நடுவில் நடக்கிற மாதிரிதான் இங்கேயும். போர்வை தைக்கும்போது ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தடவை இஸ்திரி போட வேண்டும். இஸ்திரி மேஜை ஹாலில் இருந்தால், 54 துண்டு முடிவதற்குள் நடைப்பயிற்சி முடிந்துவிடும்.

வெட்டும் மேஜையின் உயரம் முக்கியம். நம் சாப்பாட்டு மேஜை 30 அங்குலம் இருக்கும். அதில் குனிந்து ஒரு மணி நேரம் வெட்டினால் இடுப்பு அன்று இரவே பில் அனுப்பும். நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்கு நாலு விரல் கீழே மேஜை இருக்க வேண்டும். என் உயரத்துக்கு அது 35 அங்குலம் வந்தது. பழைய மேஜையின் கால்களுக்கு அடியில் கார்பென்டரிடம் சொல்லி மரக்கட்டை வைத்து, அசையாமல் ஆணி அடித்துக்கொண்டேன். மெஷின் மேஜை மட்டும் தாழ்வாகவே இருக்கட்டும். வலது கைக்காரர்கள் ஜன்னல் இடப்பக்கம் வருமாறு உட்காருங்கள். கை நிழல் ஊசி மேல் விழாது. அறுபது தாண்டியவர்கள் மெஷினிலேயே ஒட்டிக்கொள்ளும் சிறிய எல்இடி விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசியில் நூல் கோர்க்கும் கம்பியும். இதிலெல்லாம் வீரம் வேண்டாம்.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1000 வாட் சாதா இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள் இழுக்கும். சின்ன பிளக், அதாவது 6 ஆம்பியர், தாங்கும். 2000 வாட் ஸ்டீம் பெட்டி கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். படுக்கையறையில் பெரும்பாலும் ஏசிக்கு மட்டும்தான் அது இருக்கும். முன்முனையை மாற்றி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதிலேயே மெஷினையும் விளக்கையும் சேர்த்து ஓட்டுவதைச் சில வீடுகளில் பார்த்தேன். சுற்றிலும் பஞ்சும் துணியும் இருக்கிற அறை அது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். செலவு ஒரு பட்டுப்புடவைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

அடுத்தது துணி. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். கோடவுன் தெருவுக்குப் போய், மீட்டர் விலையைக் கேட்டதும் மனசு இளகி, எதற்கென்று தெரியாமல் நாலு மீட்டர் வாங்கி வருகிறோம். அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறோம். அடியில் இருப்பது நம் கண்ணுக்கே தெரியாது. அடுத்த மாதம் அதே நீலம் மறுபடி வாங்குகிறோம். கண்ணில் படாத துணி, இல்லாத துணிதான். லெட்ஜர்களை நாங்கள் படுக்க வைத்து அடுக்கியதில்லை. முதுகு தெரிய நிற்க வைப்போம், வேண்டியதை உருவுவோம். துணியும் அப்படித்தான். எல்லாத் துணியையும் ஒரே அகலத்துக்கு மடித்து (நான் பழைய காலண்டர் அட்டை ஒன்றை அளவுக்கு வைத்திருக்கிறேன்), அலமாரித் தட்டில் நிற்க வையுங்கள். ஒன்றை உருவினால் மற்றது சரியாது.

ஒரு இருநூறு பக்க நோட்டு போதும். என்ன துணி, எத்தனை மீட்டர், எப்போது வந்தது, எதற்காக. வெட்டினால் கழித்து எழுதுங்கள். நோட்டில் இருப்பது அலமாரியில் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டேலி பாருங்கள். பாதியில் நிற்கும் வேலைகளுக்குத் தனியாக ஒரே ஒரு கூடை. எங்கள் பாஷையில் அது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தற்காலிகமாக நிறுத்தி வைக்கத்தானே தவிர, குடியிருக்க அல்ல. என் கூடையில் மூன்றுக்கு மேல் போகாது. நாலாவது வேலை ஆசை காட்டினால், மூன்றில் ஒன்றை முடிக்க வேண்டும், இல்லை பிரித்து மறுபடி துணிக்கணக்கில் வரவு வைக்க வேண்டும். இரண்டு வருஷம் தொடாத துணியை எடுத்து முன்வரிசையில் வைப்பேன். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும், தெரியுமா? உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும். பத்து வருஷம் தொடாத துணியை நான் தையல் கற்றுக்கொள்ளும் பெண்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அது திரும்பக் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம்.

கஞ்சி போட்ட பருத்தியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அலசி, நன்றாகக் காயவிட்டு, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணிப்பையில் கட்டிப் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக் கதவை வாரம் ஒரு நாள் திறந்து வைத்து ஃபேன் ஓட விடுங்கள். துணி வெட்டும் கத்திரிக்கோலால் பேப்பர் வெட்டக்கூடாது, பால் கவர் வெட்டவே கூடாது. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். என் கத்திரிக்கோலுக்கு ஒரே சாவி, அது என்னிடம்.

புடவைகளுக்கு வருகிறேன். போர்வைகளைப் பார்த்து நீங்கள் கேட்டது அதைப் பற்றித்தானே.

பழைய புடவையைப் போர்வையாக்குவது நம் நாட்டில் புதிதல்ல. வங்காளத்தில் காந்தா. பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள். மராட்டியத்தில் கோதடி. கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் தைக்கும் கவந்தி இன்னும் வேடிக்கை. நாங்களெல்லாம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைப்போம், அவர்கள் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளில் குளிருக்காகத் தைத்த போர்வைகளை 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. 2006-ல் தபால்தலையே போட்டார்கள். காந்தா என்ற சொல்லும் நம் கந்தையும் ஒரே வேர். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன ஊரில் கந்தையைத் தைத்துப் போர்த்திக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஒரு பருத்திப் புடவை ஐந்தரை மீட்டர், சுமார் 216 அங்குலம். அகலம் 46 அங்குலம் வரும். பத்தரை அங்குலச் சதுரம் நெடுக்கே 20, குறுக்கே 4, கணக்குப்படி 80. ஆனால் பழம்புடவை கணக்குப்படி தராது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உட்காருகிற இடம் கண்ணாடி மாதிரி தெரியும். கொசுவத்தின் அடி ஓரம் தேய்ந்திருக்கும். உள்கட்டும் முந்தானைப் பக்கமும் திடமாக இருக்கும். ஐம்பது துண்டு தேறினால் நல்ல புடவை. அடித்துணிக்கு இன்னொரு முழுப்புடவை. பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, 94 அங்குலத்தில் இரண்டு பாதி எடுத்து நீளவாக்கில் இணைத்தால் தாராளம். நடுவில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு நம் சென்னைக்கு வேண்டாம், வேர்த்துப்போகும். பழைய வேட்டி ஒன்று போதும்.

என் மாமியார் காலமானபோது பீரோவில் 14 பருத்திப் புடவைகள் இருந்தன. சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், இரண்டு கைத்தறி வெள்ளை. பட்டை எல்லோரும் பிரித்துக்கொண்டார்கள். பருத்தியை யாரும் கேட்கவில்லை. கட்டவும் மனம் இல்லை, கொடுக்கவும் மனம் இல்லை. இரண்டு வருஷம் பீரோவிலேயே இருந்தது. மூன்று மகள்களுக்கும் ஆளுக்கொரு போர்வை தைக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். சின்ன நாத்தனார்கள் இருவருக்கும் சந்தோஷம். பெரிய நாத்தனார் மட்டும், "அம்மா புடவைல கத்திரி வைக்காதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

அடகு நகையும் பாதுகாப்புக்கு வைத்த பொருளும் எங்கள் கையில் இருக்கும், ஆனால் எங்களுடையது அல்ல. தனிப் பதிவேடு, தனி சீல். அந்தப் புடவைகள் அப்படிப்பட்டவை. என் துணிக்கணக்கில் அவற்றை எழுதவில்லை. தனிப் பக்கம் போட்டு, ஒவ்வொரு புடவைக்கும் எதிரே யார் சம்மதித்தார்கள் என்று எழுதினேன். ஆளுக்கு நான்கு என்று பிரித்தோம், மீதி இரண்டு வெள்ளையும் என் வீட்டுக்காரருக்கு. சின்னவர்கள் ஆளுக்கு ஒரு புடவையை முழுசாக வைத்துக்கொண்டு மூன்றை வெட்டச் சொன்னார்கள். பெரியவருடைய நாலும் வெட்டவில்லை. வெள்ளைப் பருத்திப் பை ஒன்று தைத்து, அதில் போட்டு, அவர் பெயர் எழுதித் திவானுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு போர்வைதான் முடிந்தது. நீங்கள் கீழே பார்த்தது அந்த இரண்டும்தான்.

பெரிய நாத்தனார் இங்கே வரும்போதெல்லாம் அந்தப் பையை எடுக்கிறார். புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பு மாற்றி மடித்து, மறுபடி உள்ளே வைக்கிறார். மடிப்பு மாற்றாவிட்டால் இழை அந்த இடத்தில் விட்டுப்போகும் என்பது உண்மைதான். அரை மணி நேரம் ஆகும். நான் அப்போது மெஷினை ஓட்டுவதில்லை. உங்களில் யார் வீட்டிலாவது அப்படிப்பட்ட புடவை இருந்து, எனக்குத் தைத்துக் கொடுங்கள் என்று வந்தால், நான் முதலில் கேட்பது, "வேறு யாரைக் கேட்டீங்க?" என்பதுதான். வெட்டிய துணியை ஒட்டலாம், பழையபடி புடவையாக்க முடியாது.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. இயந்திரங்கள் மேல் காந்திக்கு எவ்வளவு வெறுப்பு என்று நமக்குத் தெரியும். ஆனால் தையல் மெஷினுக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுத்தார். 1924-ல் தன்னிடம் இதைப் பற்றிக் கேட்ட மாணவர் ராமச்சந்திரனிடம், சிங்கர் தன் மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்தது அது என்றார். அந்த ராமச்சந்திரன்தான் பிறகு டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் தொடங்கியவர். சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு அந்த அன்பைப் பற்றிக் கொஞ்சம் சிரிப்பு வரும், அது போகட்டும். மெல்லிய துணிக்கு 11-ம் நம்பர் ஊசி, புடவைத் துணி இரண்டு மூன்று அடுக்குக்கு 14, கெட்டியான துணிக்கு 16. எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றுங்கள். மொட்டை ஊசி டொக் டொக் என்று சத்தம் போட்டே சொல்லும். பழைய நூலை ஒரு அடி இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் மெஷினுக்கு ஆகாது, கைத்தையலுக்குக்கூட யோசிக்க வேண்டும்.

அந்தச் சத்தம் நமக்கு மட்டும் கேட்பதில்லை. நமக்குத் தரை, கீழ்வீட்டுக்குக் கூரை. மோட்டார் மாட்டிய மெஷினின் அதிர்வு கால்கள் வழியாக நேரே இறங்கும். மெஷின் மேஜைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். பழைய யோகா மேட்டை நாலாக மடித்தாலும் சரி. பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரில் மேஜையை ஒட்டாதீர்கள். எங்கள் கீழ்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிறாள். எந்த நேரம் படிப்பாள் என்று நானே போய்க் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த நேரத்தில் வெட்டுகிற வேலை, கைத்தையல் வேலை பார்க்கிறேன். சங்கத்துக்குப் புகார் போய், வாட்ஸ்அப்பில் நூறு செய்தி ஓடுவதைவிட ஒரு மாடி இறங்குவது சுலபம்.

உடைந்த ஊசி, வளைந்த குண்டூசி, தேய்ந்த பிளேடு இவற்றைக் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள். காலையில் நம் குப்பையைக் கையால் பிரிக்கிற பெண்ணின் விரலில்தான் அது ஏறும். போன வருஷம் ஒருவருக்கு ஏறியது, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தார். எந்த வீட்டுக் குப்பை என்று தெரியவில்லை. மாத்திரை டப்பா ஒன்றை மெஷின் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் அதில் போட்டு, நிரம்பியதும் மூடியை டேப்பால் ஒட்டி, மேலே "ஊசி" என்று எழுதி, கையில் கொடுத்துச் சொல்லுங்கள். துண்டுத்துணி உலர்குப்பை. ஈரக்குப்பையோடு சேர்க்கக்கூடாது. நூல் பிசிறைக் குளியலறையில் அலசி விடாதீர்கள், குழாயில் போய்த் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

ஒரு படுக்கையறை வீட்டுக்காரர்கள் முகத்தைப் பார்க்கிறேன். அறை இல்லாவிட்டாலும் முதலில் சொன்னதைச் செய்யலாம். மூன்றடிக்கு இரண்டடி ப்ளைவுட் பலகை ஒன்று, ஓரத்தில் ஒரு அங்குலச் சட்டம் அடித்து. வேலை முழுவதும் அந்தப் பலகையின் மேல் நடக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். பிரித்தெடுக்க வேண்டாம், அடுக்க வேண்டாம், நூல்கூட அறுக்க வேண்டாம். மெஷின் மட்டும் ஒரு மூலையில் நிரந்தரமாக நிற்கட்டும், மூடி போட்டு. பால்கனியில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். சாரல் அடித்தால் ஊசி, பாபின் எல்லாம் துருப்பிடிக்கும். காரிடாரில் வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதற்குச் செயலாளர் பதில் சொல்வார்.

செவ்வாய், வியாழன் மதியம் மூன்று மணிமுதல் ஐந்துவரை என் கதவு திறந்திருக்கும். மேஜை உயரம் பார்க்க, நோட்டு பார்க்க, போர்வையைத் தொட்டுப் பார்க்க வரலாம். வரும்போது புடவை கொண்டு வர வேண்டாம், அதைப் பற்றி வீட்டில் பேசிவிட்டு அடுத்த தடவை கொண்டு வாருங்கள். காலி மாத்திரை டப்பா இருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள். மெஷின் வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுக்கப் போகிறேன், இதுவரை ஒன்பதுதான் சேர்ந்திருக்கிறது.